சிக்னல் பதினொன்று

ஜெலுத்தோங், பினாங்கு
20 ஜூலை 1997

மதிப்புக்குரிய திரு. நாகநாதன் அவர்களுக்கு,

அன்று நான் சொல்லாததை முதலில் எழுதிவிடுகிறேன். சென்ற நவம்பரில் நீங்களும் உங்கள் பெற்றோரும் என்னைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்துபோன பிறகு, உங்கள் ஜாதகத்தை நாங்கள் யாரிடமும் காட்டவில்லை. இரண்டு வாரம் கழித்து அப்பா உங்கள் அப்பாவுக்குப் போன் செய்து பொருத்தம் சரியில்லை என்று சொன்னபோது, அது வந்த உறையிலேயே மேசை இழுப்பறையில் இருந்தது. எனக்கு விருப்பமில்லை என்று அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜாதகத்தின் மேல் போட்டுவிட்டால் ஒருவருக்கும் மனத்தாங்கல் வராது என்றார். நான் பக்கத்து அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து இதை எழுத மனச்சாட்சி மட்டுமே காரணம் என்றால் அது இன்னொரு பொய். எனக்கு உங்களிடம் ஓர் உதவி வேண்டும்.

அன்று பெரியவர்கள் யாருக்கு யார் எந்த வழியில் சொந்தம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, நீங்கள் என்னிடம் லினக்ஸ் பற்றிப் பத்து நிமிடம் பேசினீர்கள். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, எழுதிய மூலத்தோடு இலவசமாகக் கொடுத்துவிடும் இயங்குதளம் என்றீர்கள். அன்று நான் உண்மையாகக் கவனித்துக் கேட்டது அந்தப் பத்து நிமிடம்தான்.

செபராங் ஜெயாவில் ஓர் ஆய்வு நிலையத்தில் கணினி உதவியாளர் வேலை ஒன்று இருக்கிறது. உரிமக் கட்டணம் கட்ட முடியாமல் அவர்கள் லினக்ஸுக்கு மாறுகிறார்களாம். பட்டம் கேட்கவில்லை. நவம்பர் எட்டாம் தேதி ஓர் இயந்திரத்தின் முன் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துச் சோதிப்பார்கள். மாலை வகுப்பில் யூனிக்ஸ் படித்தேன். ஆறு பேருக்கு ஒரு திரை. மூன்று மாதத்தில் விசைப்பலகை என் கைக்கு வந்தது மொத்தம் நான்கு மணி நேரம் இருக்கும். வீட்டில் எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் இல்லாமல் முடியாது.

அம்மா போன பிறகு வீட்டில் அப்பாவும் நானும்தான். அவரோடு ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறேன். இந்த வேலை கிடைத்தால் இனிக் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார். கிடைக்காவிட்டால் தை மாதம் ஈப்போவிலிருந்து வருபவர்களுக்கு நான் மறுப்புச் சொல்லக்கூடாது. எனக்கு வயது இருபத்தெட்டு. வழக்கறிஞர் அலுவலகத்தில் உயில்களும் அடமானப் பத்திரங்களும் தட்டச்சு செய்து எட்டு வருடம் ஆகிறது.

எந்தச் சாமானை வாங்கினால் லினக்ஸ் ஓடும் என்று இங்கே கேட்க ஆள் இல்லை. விலை குறைவாக இருக்க வேண்டும். பதில் எழுத மனமிருந்தால் அலுவலக முகவரிக்கு எழுதுங்கள். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வீட்டில் போன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
தவமணி கனகசுந்தரம்


சிங்கப்பூர்
27 ஜூலை 1997

மிஸ் தவமணிக்கு,

உங்கள் கடிதத்தில் முதல் பத்தியை ஒரு தடவை படித்தேன். மற்றதை மூன்று தடவை படித்தேன்.

முதல் பத்தி பற்றி ஒன்று மட்டும். என் அம்மா இந்த எட்டு மாதத்தில் என் ஜாதகத்தை மூன்று பேரிடம் காட்டி, எந்தத் தோஷத்தால் பினாங்குப் பெண் தவறிப்போனாள் என்று கேட்டிருக்கிறார். மூன்று பேரும் ஆளுக்கொரு தோஷம் கண்டுபிடித்தார்கள். இரண்டு கோயிலில் பரிகாரம் நடந்தது. ஒன்றில் நான் ஈர வேட்டியோடு ஒரு மணி நேரம் நின்றேன், ஏர்கான் அலுவலகத்தில் ஒரு வாரம் தும்மினேன். அவரிடம் உண்மையைச் சொல்லப் போவதில்லை. இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறார்.

இனி சாமான். என் தமிழ் பிரிக்பீல்ட்ஸ் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றது. புரியாவிட்டால் கேளுங்கள்.

பெட்டியின் மேல் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் இந்த மாதம் ஒரு சிப் வைப்பார்கள், அடுத்த மாதம் வேறு சிப். விண்டோஸுக்கு அவர்களே டிரைவர் எழுதிக் கொடுப்பதால் வாங்குகிறவருக்குத் தெரியாது. லினக்ஸுக்கு யாரோ ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து அந்தச் சிப்பைப் படித்து எழுதினால்தான் உண்டு. ஆகவே கார்டை வெளியே எடுத்து, சிப்பின் முதுகில் என்ன எண் என்று பாருங்கள். திரைக் கார்டு S3 என்றால் வாங்கலாம். எண்ணைச் சுரண்டியிருந்தாலோ ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தாலோ வேண்டாம்.

புதிய பென்டியம் தேவையில்லை. 486 DX4 போதும், என் வீட்டில் இருப்பதே அதுதான். சிடி டிரைவ் ஹார்ட் டிஸ்க் போலவே மதர்போர்டில் சொருகும் வகையாக இருக்க வேண்டும். சவுண்ட் கார்டில் சொருகும் பழைய வகை மலிவு, ஆனால் தொல்லை. உள்ளே பொருத்தும் மோடத்தை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், பாதி வேலையை விண்டோஸ் செய்யும் என்று நம்பிச் செய்தது அது. நெட்வொர்க் கார்டு NE2000 மாதிரியில் எந்தப் பெயரில்லாத கார்டும் ஓடும்.

மெமரி பதினாறு எம்பி. பழையது கிடைத்தால் பழையதே போதும்.

கடைக்காரர் "எல்லாம் ஓடும்" என்பார். அவர் விண்டோஸைச் சொல்கிறார். லினக்ஸ் சிடி இந்த உறையில் இருக்கிறது. மடக்காமல் கொடுக்கும்படி உங்கள் தபால்காரரிடம் சொல்ல முடியாது என்பதால் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

நாகநாதன்


ஜெலுத்தோங்
10 ஆகஸ்ட் 1997

மதிப்புக்குரிய திரு. நாகநாதன் அவர்களுக்கு,

ஈர வேட்டிக்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்றவற்றுக்கும்.

சிடி மடங்காமல் வந்தது. நேற்று மதியம் அலுவலகம் முடிந்ததும் உங்கள் கடிதத்தோடு கொம்தாருக்குப் போனேன். அங்கே அலாவுதீன் என்பவர் கடை வைத்திருக்கிறார். எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்க வருபவர். லினக்ஸ் என்றதும் அது என்ன கேம் என்று கேட்டார். விண்டோஸுக்குப் பதிலாக என்றேன்.

"விண்டோஸ் நான் சும்மாவே போட்டுத் தர்றேனே லா. எல்லாருக்கும் அப்படித்தான்."

"இது கொடுக்கிறவங்களே சும்மா கொடுக்கிறாங்க அண்ணே."

"அதுவும் சும்மா, இதுவும் சும்மா. அப்புறம் எதுக்குத் தங்கச்சி இவ்வளவு கஷ்டம்?"

கார்டை எடுத்துச் சிப்பைப் பார்க்க வேண்டும் என்றேன். முதல் இரண்டு பெட்டியிலும் வெளியே ஒன்று, உள்ளே வேறொன்று. மூன்றாவதைத் திறக்கச் சொன்னபோது, "பொண்ணு பார்க்க வர்றவங்ககூட இவ்வளவு பார்க்க மாட்டாங்க" என்றார். இதை உங்களுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன். மூன்றாவது பெட்டியில் S3 இருந்தது.

விலைதான் நிற்கவில்லை. ஜூலையில் விசாரித்ததற்கும் நேற்றைக்கும் எல்லாம் நூறு வெள்ளி ஏறியிருக்கிறது. டாலர் ஏறுகிறதாம். உங்களுக்கு இன்னொரு கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருந்தால் அந்தப் பதில் வருவதற்குள் இன்னும் ஏறும் என்று பட்டது. ஆகவே உங்களைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டேன். 486 DX4, ஐநூற்று நாற்பது எம்பி ஹார்ட் டிஸ்க், நீங்கள் சொன்ன வகை சிடி டிரைவ், பெயரில்லாத நெட்வொர்க் கார்டு. திரை பழையது, இடது ஓரத்தில் கொஞ்சம் பச்சை அடிக்கிறது. மெமரியில் புதியது என்றால் என் கையிருப்பு தாண்டியது. நீங்கள் எழுதியபடி பழையதையே எடுத்தேன். சிப்பின் மேல் வேகத்துக்கான எண் அறுபது என்று பளிச்சென்று இருந்தது, எண் குறைந்தால் வேகம் அதிகமாம்.

அலாவுதீன் தன் வேனிலேயே கொண்டுவந்து இறக்கினார். அப்பா நாளிதழை இறக்காமல், "ஆபீஸ் இங்கயே வந்துடுச்சா?" என்று கேட்டார். பிறகு எழுந்துவந்து பிளக் சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

தவமணி


சிங்கப்பூர்
17 ஆகஸ்ட் 1997

மிஸ் தவமணிக்கு,

நல்ல சாமான். திரையின் பச்சைக்கு லினக்ஸ் பொறுப்பில்லை.

நிறுவும் முறையைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். நிறுவி முடித்ததும் கெர்னலை நீங்களே ஒரு தடவை தயாரித்துப் பாருங்கள். கெர்னல் என்றால் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் மைய நிரல். உங்கள் இயந்திரத்தில் என்ன கார்டு, என்ன டிஸ்க் என்று நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் அது தன்னை அதற்கேற்பக் கட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். தேர்வில் இது கட்டாயம் வரும். ஒரு தடவை போதாது. யோசிக்காமல் கை போகும்வரை, பத்துத் தடவையாவது செய்ய வேண்டும்.

ஓடியதும் ஒரு வரி எழுதுங்கள்.

நாகநாதன்


சிங்கப்பூர்
14 செப்டம்பர் 1997

மிஸ் தவமணிக்கு,

நாலு வாரமாகத் தகவல் இல்லை. ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் எழுத நேரமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நான் ஏதாவது தவறாக எழுதியிருந்தால் அதையாவது தெரிவிக்கவும்.

நாகநாதன்


ஜெலுத்தோங்
28 செப்டம்பர் 1997

மதிப்புக்குரிய நாகநாதன் அவர்களுக்கு,

நீங்கள் தவறாக எதையும் எழுதவில்லை. இந்த ஐந்து வாரமாக அது ஓடவில்லை.

நிறுவியது சரியாக நடந்தது. கெர்னலைத் தயாரிக்கத் தொடங்கினால் இருபது நிமிடத்தில் நின்றுவிடும். சிக்னல் 11 என்று ஒரு வரி வந்து எல்லாம் அறுந்துபோகும். மறுபடி தொடங்கினால் பதினைந்து நிமிடத்தில் நிற்கும், இல்லையென்றால் நாற்பது நிமிடத்தில். அலுவலகம் விட்டு வந்து, சமைத்து, அப்பாவுக்குப் போட்டுவிட்டு உட்காருவேன். அந்த வரி வந்ததும் அணைத்துவிட்டுப் படுப்பேன். இப்படியே முப்பத்தோரு முறை. உங்கள் தாளை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். நான்தான் ஏதோ தப்பாகத் தட்டுகிறேன் என்று நிச்சயமாகிவிட்டது.

ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது சரிப்படவில்லை என்று எழுத வேண்டியிருந்தது. உங்களை ஒருமுறை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ஈர வேட்டியோடு நின்றும், பட்டியல் எழுதி, சிடியை அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பியவருக்கு மறுபடியும் அதேபோல ஒன்றைச் சொல்ல எனக்குக் கை வரவில்லை. முதல் தடவை எட்டு மாதம் ஆனது, இந்தத் தடவை ஐந்து வாரம். குறைந்துகொண்டுதான் வருகிறது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இங்கே மூன்று வாரமாகப் புகைமூட்டம். பாலம் பாதியோடு மறைந்துபோகிறது. நேற்று பக்கத்து வீட்டுக் காமாரியா அக்கா தொண்டைக்கு மாத்திரை கேட்டு வந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினோரு வருடமாகக் கடைசிச் சோதனைப் பிரிவில் இருக்கிறார், ஒரு நாளைக்கு ஆயிரம் சிப்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்ப்பவர். நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, என்ன முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

"நான்தான் தப்பா தட்டறேன் போல அக்கா."

"எப்பவும் ஒரே இடத்துலயா நிக்குது?"

"இல்ல, ஒவ்வொரு தடவையும் வேற இடம்."

"ஆள் தப்பு பண்ணா ஒரே இடத்துல நிக்கும் தவம். மாறி மாறி நின்னா அது சாமானோட தப்பு. எங்க லைன்ல அப்படித்தான். இத போய் ஒரு மாசமா ஒன் தலையில போட்டுக்கிட்டியா?"

வீட்டுக்குப் போய்க் கண்ணாடியை எடுத்துவந்தார். பெட்டியைத் திறந்து மெமரியைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். சன்னல் ஓரமாகப் போய் நின்றார். வெளியே புகை, அதனால் மேசை விளக்கையும் பிடிக்க வேண்டியிருந்தது. அதிக நேரம் ஆகவில்லை.

"ஆலாமா. மூஞ்சி கழுவி பவுடர் போட்டிருக்கான். இந்த மூலையில ஒரு குழி இருக்கணும், எல்லாச் சிப்புலயும் இருக்கும். இதுல மழுங்கிப் போச்சு பாரு. மேல இருந்த நம்பரத் தேய்ச்சு எடுத்துட்டுப் புதுசா அடிச்சிருக்கான். அறுபதுன்னு போட்டா அறுபது ஆயிடுமா? எழுவதோ எம்பதோ, எவன் கண்டான். மெல்ல ஓடுற சிப்ப வேகமா ஓடு ஓடுன்னா அது எங்க ஓடும்?"

எண்ணைச் சுரண்டியிருந்தால் வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். சுரண்டியிருக்கவில்லை. அழகாக அச்சடித்திருந்தது. அதனால்தான் நம்பினேன்.

இன்று காலை அலாவுதீனிடம் கொண்டுபோனேன். அதையே ஓர் இயந்திரத்தில் போட்டு விண்டோஸை ஓட்டிக் காட்டினார். "ஓடுதே, பாரு." அது மெமரி முழுவதையும் கேட்கவில்லை அண்ணே, லினக்ஸ் கேட்கிறது என்றேன். "நானும் வாங்கி விக்கிறவன்தானே தங்கச்சி. பேக்டரி கண்ணாடியா வச்சிருக்கேன்?" என்றார். வாதாடவில்லை. பழையதை எடுத்துக்கொண்டு புதியதாக எட்டு எம்பி கொடுத்தார். பாதிதான், ஆனாலும் நல்லது.

மதியம் தொடங்கினேன். ஐந்து மணி நேரம் ஓடி, நிற்காமல் முடிந்தது. முப்பத்திரண்டாவது முறை. தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் செய்ய முடியும், அதுவும் நான் தூங்கும்போது அது ஓடினால்.

தவமணி


சிங்கப்பூர்
4 அக்டோபர் 1997

தவமணிக்கு,

சிக்னல் 11 என்று ஒரு போஸ்ட்கார்டில் எழுதியிருந்தால் போதும். மெமரி என்று மறுநாளே பதில் போட்டிருப்பேன். இதை ஒரு தடவை பட்டவன் மறக்கமாட்டான். நானும் பட்டிருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. பழைய மெமரியே போதும் என்று நான் எழுதியபோது அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். பழையதை நான் வாங்கமாட்டேன். முதலில் "மெமரி மட்டும் கட்டாயம் புதியது" என்றுதான் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்தேன். உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை, கேட்க எனக்குக் கூச்சம். புதியது என்று எழுதி உங்களால் முடியாமல் போனால், பெண் கொடுக்க மறுத்த வீட்டுக்கு வசதி இல்லை என்று நான் குத்திக்காட்டியதாக எடுத்துக்கொள்வீர்களோ என்று நினைத்தேன். ஆகவே உங்களுக்கு மலிவாக ஒரு பொய் எழுதினேன். உங்கள் ஐந்து வாரம் அதற்குப் போனது. ஒரு மாதம் கழித்துப் போன் செய்திருக்கலாம். உங்கள் அப்பா எடுப்பாரே என்று செய்யவில்லை.

நாம் இரண்டு பேரும் இவ்வளவு மரியாதையாக இல்லாமல் இருந்திருந்தால் உங்கள் கெர்னல் ஆகஸ்டிலேயே ஓடியிருக்கும்.

இன்னொன்று. இதை எழுத இரண்டு நாள் ஆனது. தீபாவளிக்குக் கோலாலம்பூர் வருகிறேன். அங்கிருந்து பினாங்கு ஒரு ராத்திரி பஸ். உங்கள் அப்பாவை மறுபடி வந்து பார்க்கட்டுமா? ஜாதகம் இல்லாமல். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீங்கள் அந்த இயந்திரத்தோடு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஈப்போவிலிருந்து வருகிறவர் அப்படிச் சொல்வாரா என்று தெரியாது.

நாகநாதன்


ஜெலுத்தோங்
11 அக்டோபர் 1997

நாகநாதன் அவர்களுக்கு,

வர வேண்டாம். இந்த முறை அப்பா மூலமாக இல்லை, நானே சொல்கிறேன்.

உங்களைப் பற்றிய குறையாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எழுத வந்தேன். அதுவும் ஜாதகத்தின் மேல் போடுவது போலத்தான் இருக்கிறது. ஆகவே காரணத்தைச் சொல்கிறேன். எனக்குக் கல்யாணம் வேண்டாம். யாரோடும். இருபது வயதில் நினைத்தேன், மாறும் என்று விட்டுவைத்தேன், மாறவில்லை. நீங்கள் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்புகிறேன். அப்படி ஒருவர் அனுமதித்து நான் உட்கார வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு அலுப்பாக இருக்கிறது. இதை அப்பாவிடம்கூட இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

மெமரி விஷயத்தில் உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டுப் பார்த்தேன். கையிருப்பு ஆயிரத்து நானூறு வெள்ளி. அதை முதல் கடிதத்திலேயே எழுதாதது நான்.

இனி நீங்கள் எழுதாமல் இருந்தால் புரிந்துகொள்வேன்.

தவமணி


சிங்கப்பூர்
19 அக்டோபர் 1997

தவமணிக்கு,

கடிதம் கிடைத்தது. நேராக இருந்தது. ஜோசியரைவிட நல்லது.

தேர்வு வைப்பவனாக நான் இருந்தால் இரண்டு கேள்வி கேட்பேன். முதலாவது, பத்துப் பேருக்குக் கணக்குத் திறந்து, யார் எதைப் படிக்கலாம், எதை மாற்றலாம் என்று பிரித்துக் கொடுப்பது. உங்களுக்கு இது வரும். இரண்டாவது, நெட்வொர்க் கார்டு தெரியாத ஓர் இயந்திரத்தைக் கொடுத்துத் தெரியவைக்கச் சொல்வது. கார்டைத் திறந்து பார், சிப்பைப் படி, கெர்னலில் அதைச் சேர், தயாரி, இடத்தில் வை, lilo ஓட்டு, மறுபடி தொடங்கு. lilo தான் எந்தக் கெர்னலை எழுப்புவது என்பதைக் குறித்துவைக்கும் நிரல். அதை ஓட்டாமல் விட்டால் பழைய கெர்னலே எழுந்து வரும், நீங்கள் செய்தது எல்லாம் வீண். எல்லோரும் இதை மறப்பார்கள். நானும் மறந்திருக்கிறேன். மறக்காமல் இருக்க ஒரே வழி நிறையத் தடவை மறந்து, திட்டிக்கொண்டு, மறுபடி செய்வது.

எட்டு எம்பியில் கிராபிக்ஸை அணைத்துவிட்டுத் தயாரியுங்கள். ஐந்து மணி நேரம் நாலாகும்.

தீபாவளிக்கு நான் சிங்கப்பூரிலேயே இருக்கிறேன். அம்மாவிடம் வேலை என்று சொல்லியிருக்கிறேன்.

நாகநாதன்


ஜெலுத்தோங்
15 பிப்ரவரி 1998

நாகநாதன் அவர்களுக்கு,

நான்கு மாதம் எழுதவில்லை. இந்த முறை தயக்கத்தால் இல்லை, அசதியால்.

தேர்வுக்கு ஏழு பேர் வந்திருந்தோம். நான் ஏழு மணி ஃபெரிப் படகில் போனேன். நீங்கள் எழுதிய இரண்டு கேள்விகள்தான், சொல்லிவைத்தது போல. முதலாவதை ஐம்பது நிமிடத்தில் முடித்தேன். இரண்டாவதில் கார்டைக் கழற்றிச் சிப்பைப் படிக்கக் கேட்டது நானும், கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்திருந்த ராமதாஸ் என்ற ஒருவரும்தான். மற்றவர்கள் பெட்டியின் மேல் இருந்த பெயரை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆய்வு நிலையத்து இயந்திரம் வேகமானது. பதினெட்டு நிமிடத்தில் கெர்னல் தயாரானது. அவ்வளவு சீக்கிரம் முடிந்து நான் பார்த்ததில்லை. எடுத்து இடத்தில் வைத்தேன். மறுபடி தொடங்கினேன். பழையதே எழுந்து வந்தது.

lilo ஓட்டவில்லை. திரையைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஓட்டிவிட்டு மறுபடி தொடங்கக் கையை வைத்தபோது மேற்பார்வையாளர் நேரம் முடிந்தது என்றார். வீட்டில் ஒன்பது முறை செய்திருந்தேன். அதில் நான்கு முறை மறந்திருந்தேன். நீங்கள் சொன்ன கணக்குப்படி இன்னும் சில முறை மறக்க வேண்டியிருந்தது, அதற்கு வாரங்கள் போதவில்லை.

ராமதாஸ் வெளியே வந்து, "உங்களுக்குக் கார்டு வந்துச்சா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். தனக்கு வந்தது என்றார். தான் புத்தகக்கடையில் வேலை செய்வதாகவும், வீட்டில் மூன்று பழைய இயந்திரங்களை வைத்து இரண்டு வருடமாக இதே வேலையாக இருப்பதாகவும் சொன்னார். ஒரே பஸ்ஸில் பட்டர்வொர்த் வரை வந்தோம். அவர் மேல் பொறாமைப்பட முடியவில்லை. மூன்று இயந்திரத்திலும் என்ன சிப் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

நவம்பர் பதினெட்டாம் தேதி முடிவு வந்தது. ராமதாஸ் முதலாவது, நான் இரண்டாவது. இடம் ஒன்றுதான்.

அப்பா கடிதத்தை வாங்கிப் படித்தார். "ரெண்டாவது நல்லதுதான்" என்றார். இரவு மேசைக்கு வந்து நின்று, இது கரண்ட் அதிகம் இழுக்குமா என்று கேட்டார். இல்லை என்றேன். டிசம்பரில் புது நாள்காட்டியில் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் பேனாவால் சுற்றிவைத்தார். நான் பார்க்க வேண்டும் என்றுதான் சுற்றினார். நானும் பார்த்தேன். ஒப்பந்தம் நான் போட்டது, அதில் அவர் ஏமாற்றவில்லை.

இயந்திரம் ஓடுகிறது. காமாரியா அக்காவின் பிரிவில் ஆட்குறைப்பு என்கிறார்கள். அவர் மாலையில் வந்து உட்கார்ந்து தட்டக் கற்றுக்கொள்கிறார். ஆய்வு நிலையத்தில் மறுபடி ஆள் எடுப்பார்களா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஈப்போவிலிருந்து ஜனவரி இருபத்தைந்தாம் தேதி வந்தார்கள். பையனும் பெற்றோரும் ஒரு சித்தப்பாவும். நல்ல மனிதர்கள். நான் தேநீர்த் தட்டை வைத்துவிட்டு உட்காராமல் நின்றேன். எனக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை, அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், அதைக் காப்பாற்றப் போவதில்லை, உங்களை இவ்வளவு தூரம் வரவைத்ததற்கு மன்னியுங்கள் என்று சொன்னேன். சித்தப்பா, "இத போன்லயே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார். சொல்லியிருக்கலாம்தான். தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அப்பா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. இன்றோடு மூன்று வாரம் ஆகிறது.

தவமணி